அலமாரிக் கதவில் ஒட்டிய சீட்டு

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லிக்கொண்டே போக, என் மருமகள் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். வீட்டுப் பேச்சில் நான் சொல்வதை அவள் புத்தகப் பேச்சாக மாற்றிவிடுகிறாள். கதையில் நானும் மற்றவர்களும் வாய்விட்டுப் பேசியதை மட்டும் பேசினபடியே போடச் சொல்லியிருக்கிறேன். அவள் தட்டுவதும் அதே கம்ப்யூட்டரில்தான், என் மானத்தை வாங்கிய அதே பெட்டியில். வாங்கியது அது இல்லை, நானேதான். அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆயுத பூஜை என்றால் எனக்குத் தீபாவளியை விடக் கொண்டாட்டம். நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். முதலில் கையால், அப்புறம் கத்திரியால், கடைசியில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கிற மிஷினால். பூஜைக்கு முதல் நாள் அந்தக் கத்திரிகளை எல்லாம் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் வைப்போம். வெயில் என்று சொன்னால் மருமகள் சிரிக்கிறாள். எங்கள் மலையில் காலையில் பனிமூட்டம், மத்தியானம் மழை. நடுவில் கொஞ்சம் வெளிச்சம் வரும், அதுதான் வெயில். வேலையை விட்டபிறகும் எனக்கு அந்தத் தேய்க்கிற கை மட்டும் சும்மா இருக்காது. அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, மகனுடைய மோட்டார் சைக்கிள், எல்லாவற்றையும் பளபளப்பாக்கிச் சந்தனம் குங்குமம் வைப்பேன்.

சாமி முன்னால் வைக்கிற பொருளில் விலைச் சீட்டு இருக்கக் கூடாது. இது என் மாமியார் சொல்லிக் கொடுத்தது. அம்மனுக்குச் சாத்துகிற சேலையில் கடைச் சீட்டு தொங்கினால் அவர் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவார். "என்ன வெலைக்கு வாங்குனேன்னு சாமிகிட்ட கணக்கு காட்டுறியா?" என்று கேட்பார். அதிலிருந்து எனக்கு எந்தப் பொருள் வீட்டுக்கு வந்தாலும் முதல் வேலை சீட்டைக் கிழிப்பதுதான். தட்டு, குடம், குடை, ஒன்றையும் விட்டதில்லை.

அந்த வருஷம் பூஜையில் கம்ப்யூட்டர்தான் நடுநாயகம். மருமகள் சாயங்காலத்தில் பிள்ளைகளுக்கு அதில்தான் டியூஷன் எடுக்கிறாள். கோலா தெர்லாவில் இருக்கிற பிள்ளையும் லெம்பா பெர்த்தாமில் இருக்கிற பிள்ளையும் திரையில் வந்து உட்கார்ந்துவிடும். அவள் பெட்டியை விளக்குக்கு முன்னால் வைத்துவிட்டு, "அத்த, நீங்க தொடாதீங்க, நான் வந்து பொட்டு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள். நான் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் வெள்ளியாக மினுமினுக்கிற ஒரு சீட்டு. அதில் கறுப்புக் கோடுகள், கீழே எழுத்தும் நம்பருமாக வரிசை. சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் டின்னில் இருக்குமே, அதே கோடு. இவ்வளவு நாள் இதை எப்படிப் பார்க்காமல் விட்டேன் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. அடுப்பில் வாட்டிய துணியை அதன்மேல் ஒத்தி ஒத்தி எடுத்து, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் முழுசாக உரித்துவிட்டேன். அப்படி உரிப்பதில் எனக்கு ஒரு பெருமை.

மினுங்குகிற பொருளைத் தூக்கிப்போட எனக்கு மனசு வராது. என் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. அதைச் சுற்றித்தான் நான் கழற்றிய ஸ்டிக்கர் பொட்டுகளை எல்லாம் ஒட்டி வைத்திருப்பேன். அந்தக் கூட்டத்தில் இந்தச் சீட்டையும் ஒட்டினேன். பிறகு குளித்துவிட்டு வந்த மருமகள் பெட்டிக்குப் பொட்டு வைத்தாள். நன்றாகத்தான் பூஜை நடந்தது.

கம்ப்யூட்டரும் பல வாரம் நன்றாகத்தான் ஓடியது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்டது. ஒருநாள் இடி இடித்ததில் விளக்கு அணைந்தது, பெட்டியும் செத்தது. மருமகளின் அண்ணன் ஈப்போவிலிருந்து வந்தவர் அதைக் கையோடு கொண்டுபோய், உள்ளே கருகிப்போன போர்டை மாற்றிக் கொடுத்தார். உயிர் வந்துவிட்டது. ஆனால் திரையின் கீழே வலது மூலையில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரி எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தேன். போகவில்லை. சோப்பு போட்டேன். அப்பவும் போகவில்லை.

"அத்த, அது அழுக்கு இல்ல. லைசன்ஸ் இல்லன்னு சொல்லுது" என்றாள் மருமகள்.

"கம்ப்யூட்டருக்குமா லைசன்ஸு? ஓட்டவா போறோம்?"

"அதுக்குள்ள இருக்குற சிஸ்டத்துக்கு. போர்ட மாத்துனதால இது புது கம்ப்யூட்டர்னு நெனைச்சிக்கிச்சி. சாவி எழுத்து கேக்குது."

அவள் எங்கெங்கேயோ அமுக்கிப் பார்த்தாள். பிரச்சினையைத் தானே கண்டுபிடித்துச் சரி செய்கிறேன் என்று அதிலேயே ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமுக்கினால் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் முடியவில்லை என்று சொல்லும். அன்றைக்கு டியூஷன் நேரத்தில் அவள் தன் திரையைப் பிள்ளைகளுக்குக் காட்டியபோது, ஒரு பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உங்க கம்ப்யூட்டரு கள்ள காப்பியா லா?" என்று சிரித்தாராம். மருமகளுக்கு முகம் செத்துவிட்டது. நேர்மை தவறக்கூடாது என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொல்கிறவள் அவள்.

உடனே பிரிஞ்சாங் டவுனில் கம்ப்யூட்டர் வாங்கின கடைக்குப் போன் போட்டாள். அந்தக் கடைக்காரன் வேறு யாரும் இல்லை. என்னோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்த என் கூட்டாளியின் மகன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு அடுத்த கீழ் லயத்தில் அவர்கள் வீடு. படித்து, இரண்டு வருஷம் கோலாலம்பூரில் வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, சொந்தமாகக் கடை போட்டான். நம் பிள்ளையாயிற்றே என்று அவனிடம்தான் கம்ப்யூட்டர் வாங்கினோம். மருமகள் போனைச் சத்தமாக வைத்ததால் எனக்கும் கேட்டது.

"அண்ணி, பெட்டி சைடுல வெள்ளிக் கலர்ல ஸ்டிக்கர் இருக்கும் பாருங்க. அதுல அஞ்சு அஞ்சு எழுத்தா இருக்கும். அத அடிச்சீங்கன்னா சரியாயிரும் லா."

மருமகள் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஒண்ணும் இல்லையே தம்பி."

"நான்தான் ஒட்டுனேன் அண்ணி. என் கையால ஒட்டுனேன்."

"அப்ப றெக்க மொளச்சி பறந்து போச்சா? நீ எழுதி வச்சிருப்பியே, அதப் பாத்து சொல்லு."

"அது கஸ்டமர் சொத்து அண்ணி. நாங்க எழுதி வச்சிக்க மாட்டோம்."

"நல்லா இருக்குப்பா பதிலு."

நான் அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக் கலர் என்று கேட்டதுமே கை நின்றுவிட்டது. மருமகள் திரும்பிக் கேட்டாள்: "அத்த, நீங்க தூசி தட்டுறப்ப இங்க ஒரு ஸ்டிக்கரு பாத்தீங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நான் படிக்காதவ" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதைச் சொல்லும்போது அலமாரிக் கதவு என் கண்ணுக்கு முன்னால் நின்றது, அந்தச் சீட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்பது உட்பட.

படிக்காதவள் என்று சொல்லித் தப்பிப்பது எனக்குப் புதிது இல்லை. அந்தக் காலத்தில் நிறைகூடைக்கு அடியில் காம்பும் முற்றின இலையும் போட்டதைக் கங்காணி பிடித்துக் கேட்டால், "எனக்கு எது கொழுந்து எது முத்தல்னு என்னங்கய்யா தெரியும், படிக்காதவ" என்பேன். கொழுந்தைப் பார்க்கப் படிப்பு வேண்டுமா? அவர் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். அதே பழக்கம்தான். அன்றைக்கு மருமகள் சிரிக்கவில்லை, ஆனால் நம்பினாள்.

அவள் கோபம் முழுக்க அந்தப் பிள்ளைமேல் திரும்பியது. எங்கள் தோட்டத்துக்காரர்கள் எல்லாரும் இருக்கிற போன் குரூப் ஒன்று உண்டு. யார் வீட்டில் காதுகுத்து, எங்கே மண் சரிந்திருக்கிறது, எல்லாம் அதில்தான் வரும். அதில் அவள் குரலில் பேசி அனுப்பினாள். "பிரிஞ்சாங்ல கம்ப்யூட்டர் வாங்குறவங்க பாத்து வாங்குங்க. நம்ம தோட்டத்துப் புள்ளன்னு நம்பிராதீங்க. நான் நம்பி ஏமாந்துட்டேன்." பேர் சொல்லவில்லை. பிரிஞ்சாங்கில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற தோட்டத்துப் பிள்ளை எத்தனை பேர்? அடுப்படியில் நின்று நானும் அதைக் கேட்டேன். வாயைத் திறந்திருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். நான் ரசத்துக்குத் தாளித்தேன்.

இரண்டு நாள் கழித்து மீன் லாரி மேலே வந்தது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால், என் கூட்டாளி முன்னாலேயே நிற்கிறாள். வழக்கமாக எனக்கும் சேர்த்துக் கெம்போங் மீன் பொறுக்கி வைத்திருப்பாள். அன்றைக்கு அவள் பாத்திரத்தில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது.

"ஏம் புள்ள, ஒன் மருமவ எம் மவன கள்ளன்னு சொல்லிட்டாளே, கேட்டியா?"

"பேரு சொல்லலியே..."

"ஓ, பேரு வேற சொல்லணுமா? பள்ளிக்கூடத்துக்கு கம்ப்யூட்டரு வாங்கப் போறாங்க தெரியுமா? பெத்தவங்க சங்கத்துல அவன்கிட்டதான் வாங்குறதா பேசி வச்சிருந்தாங்க. நேத்து வந்து, யோசிச்சி சொல்றோம் தம்பின்னு சொல்லிட்டாங்க. ராத்திரி சோறு திங்காம படுத்துட்டான்."

"எனக்கு இந்தக் கம்ப்யூட்டரு கதையெல்லாம் என்ன தெரியும், நான் படிக்காதவ."

"நானும்தான் படிக்காதவ. எம் மவன தெரியுமில்ல ஒனக்கு? ஒன் மடியில மூத்திரம் போன பய. அவன் கள்ளனா, சொல்லு."

மீன்காரர் தராசைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. சொன்னால், பிறகு யார் என்று கேட்பாளே. "நேரமாச்சி" என்று சொல்லிவிட்டு மீன் வாங்காமலே வந்துவிட்டேன். ஏறி வருகிற வழியில் தேயிலைச் செடிகள்கூட என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். சீட்டை உரித்து, பெட்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததுபோல் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு எண்ணம். நகத்தை வைத்ததும் ஓரம் கிழிய ஆரம்பித்தது. இந்தத் தடவை நன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்திவிட்டேன். அன்றிலிருந்து கண்ணாடி பார்க்காமலே தலை சீவினேன். ஒருநாள் மகன், "அம்மா, பொட்டு காதுக்கிட்ட இருக்கு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையே வீட்டுக்கு வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்தேன். கையில் ஒரு சின்ன அட்டை உறை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "பெரியம்மா, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். நான் பதிலுக்கு, "மழ விட்டுருச்சா?" என்றேன்.

மருமகள் விறைப்பாகத்தான் நின்றாள். அவன் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் அமுக்கின பொத்தானையே திரும்பவும் அமுக்கினான். அதே வட்டம் சுற்றியது.

"போர்டு மாறிட்டதால பழைய லைசன்ஸ இதோட சேத்து பாக்க முடியல அண்ணி. சாவி இருந்தா அடிக்கலாம். இல்லாட்டி புதுசுதான். நானே புதுசு ஒண்ணு கொண்டாந்திருக்கேன், இத போட்டுடுறேன்."

"அப்ப முன்ன குடுத்தது கள்ளம்னு ஒத்துக்கிறியா?"

அவனுக்குக் காது சிவந்தது. சின்ன வயதில் அடி வாங்கப் போகும்போதும் அவனுக்குக் காதுதான் சிவக்கும்.

"எப்படி வேணா வச்சிக்குங்க அண்ணி. அம்மா நாலு நாளா கோயிலுக்குப் போகல. அவங்க போனா போதும் எனக்கு."

உறையைப் பிரித்து உள்ளே இருந்த புதுச் சீட்டை வெளியே எடுத்தான். அதே வெள்ளி, அதே கோடு. செய்யாத தப்புக்குப் பையன் தண்டம் கட்டப் போகிறான், நான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"அத ஒட்டாத. ரெண்டு பேரும் இங்க வாங்க" என்றேன்.

அலமாரியைத் திறந்து கதவை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உள்ளே என் பாவாடைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அதையாவது முதலில் ஒதுக்கி வைத்திருக்கலாம். மருமகள் முதலில் ஒன்றும் புரியாமல் பொட்டுகளைப் பார்த்தாள். பிறகு சீட்டைப் பார்த்தாள்.

"அத்த... இது எப்ப?"

"பூசைக்கு. வெல சீட்டுன்னு நெனைச்சேன்."

"நான் கேட்டப்ப?"

"தெரியும்."

இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது. அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பிள்ளைதான் முதலில் சிரித்தான். "பெரியம்மா, நம்ம ஊர்ல இத இவ்ளோ பத்திரமா யாரும் வச்சதில்ல லா" என்று சொல்லிவிட்டு, முழங்கால் போட்டு உட்கார்ந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்து எழுத்துகளைப் படிக்க ஆரம்பித்தான். மருமகள் தாளில் எழுதினாள். கடைசி வரிசையில் ஒரு எழுத்துமேல் என் அரக்குப் பொட்டு. எந்த நாளில் ஒட்டினேனோ. அவன் அதை மெல்ல எடுத்தான். பொட்டோடு எழுத்தும் வந்துவிட்டது.

"ஐயோ!" என்று நான் தலையில் கை வைத்தேன்.

"இருங்க பெரியம்மா. ஒரு எழுத்துதான, ஒண்ணொண்ணா போட்டு பாப்போம்."

ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். தவறு, தவறு என்றே வந்தது. மருமகள் பொட்டின் அடிப்பக்கத்தைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்துவிட்டு, "இது பாரு, மேல வளஞ்சிருக்கு" என்றாள். அப்படி வளைந்த எழுத்தைப் போட்டதும் ஏற்றுக்கொண்டது. ஆனால் இந்தச் சாவி வேறு பெட்டியில் இருக்கிறது என்று அடுத்த வம்பு. செத்துப்போன பழைய போர்டைத்தான் சொல்கிறதாம். அவன் ஒரு நம்பருக்குப் போன் போட்டான். மிஷின் பெண் ஒருத்தி பேசினாள். திரையில் இருந்த நீளமான நம்பரை அவன் போனில் அமுக்க, அவள் பதிலுக்கு வேறு நீளமான நம்பரைச் சொல்ல, மருமகள் தட்டினாள். மூலையில் இருந்த சாம்பல் எழுத்து போய்விட்டது. நான் போட்ட சோப்புக்குப் போகாதது.

புதுச் சீட்டை உறைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு அவன் எழுந்தான். மருமகள் கையைக் கூப்பினாள். "தம்பி, என்ன சொல்றதுன்னே தெரியல. குரூப்புல நானே எழுதிடுறேன்."

"விடுங்க அண்ணி, போவுது."

"நீ எழுதாத. நான் பேசுறேன்" என்றேன். என் குரலைத்தான் அவன் அம்மா நம்புவாள். தவிர, மருமகள் எழுதினால், படிக்காதவங்க தெரியாம செஞ்சிட்டாங்க என்று என்னைக் காப்பாற்றி எழுதிவிடுவாள். தெரியாமல் செய்தது பூஜையன்று. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் தெரிந்தே செய்தது.

பேசுகிற இடத்தை விரலால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். முதல் தடவை விரல் நழுவி, "நான்தான்" என்பதோடு போய்விட்டது. "நீங்கதான் என்ன?" என்று யாரோ உடனே கேட்டார்கள். இரண்டாவது தடவை பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. மூன்றாவது தடவை மூச்சு வாங்காமல் சொன்னேன்: "எல்லாருக்கும் சொல்லுறேன். அந்தப் புள்ள மேல ஒரு தப்பும் இல்ல. ஸ்டிக்கர பிச்சது நான். மருமவ கேட்டப்ப தெரியாதுன்னு பொய் சொன்னது நான். மீன் லாரிகிட்ட அவங்க அம்மா கேட்டப்பவும் பொய் சொன்னேன். எம் மருமவ தெரியாம பேசிட்டா. நான் தெரிஞ்சே பேசாம இருந்தேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். குரூப்பில் டங் டங் என்று வந்துகொண்டே இருந்தது. மருமகள் ஒன்றை மட்டும் கொண்டுவந்து என் காதில் வைத்தாள். என் கூட்டாளியின் குரல்.

"கேட்டேன். நாளைக்கு கோயிலுக்கு வர்றப்ப அந்த அலமாரிக் கதவ கழட்டி தலையில வச்சித் தூக்கிட்டு வா. காவடி எடுத்த மாதிரி இருக்கும்."

மறுநாள் போனேன், கதவு இல்லாமல். கோயிலில் எங்கள் இருவருக்கும் ஒரு தூண் உண்டு, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து உட்காருவோம். தூணில் தன் பக்கம் அவள் சாய்ந்திருந்தாள். என் பக்கம் போய் உட்கார்ந்தேன். சாமியைப் பார்த்துக்கொண்டேதான் பேசினாள்.

"பள்ளிக்கூடத்துக்காரங்க வேற கடையில வாங்கிட்டாங்க. முந்தாநேத்தே காசு கட்டிட்டாங்களாம்."

"நான் போயி அவங்ககிட்ட சொல்லுறேன்."

"சொல்லி? வாங்குனத திருப்பியா குடுப்பாங்க?"

படிக்காதவள் என்று அங்கே சொல்ல முடியாது. மணி அடித்தது, இருவரும் எழுந்து நின்றோம். திருநீறு கொண்டுவந்தபோது அவள் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்ததை என் நெற்றியில் அழுத்தித் தேய்த்தாள். கொஞ்சம் வலித்தது. அவளுக்குக் கோபம் இன்னும் போகவில்லை என்று தெரிந்தது. சரி, அவள் தேய்க்கட்டும் என்று நின்றேன்.

சீட்டு இன்னும் கதவில்தான் இருக்கிறது. உரித்தால் கிழியும் என்று மருமகள் போட்டோ மட்டும் எடுத்து வைத்துக்கொண்டாள். எழுத்து போன இடத்தில் அரக்குப் பொட்டையே திரும்ப ஒட்டியிருக்கிறாள். இப்போது தட்டுவதை நிறுத்திவிட்டு, "அத்த, மீன் லாரி கதையையும் போடணுமா? அத விட்டுறலாமே" என்கிறாள்.

போடு என்கிறேன்.